அப்பாவின் வலது கை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். அப்பாவின் கை நலமா? போனில் கேட்டால் அவர் காதிலும் விழும், அதனால்தான் கடிதம்.

நான் கவனித்துக்கொள்ளும் மேடத்துக்குக் கையைத் தூக்க வராது. ஆனால் குளிப்பாட்டும்போது அவர் தோளில் சதை தானாகத் துள்ளியதைப் பார்த்தேன். நடிக்கிறார் என்றே நினைத்தேன். பிசியோதெரபி செய்ய வரும் அக்காவிடம் மெதுவாகச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

“அடி மக்கு! நரம்பு உத்தரவு போட்டாத்தான் சதை சுருங்கும், சுருங்கினாத்தான் கை மேல வரும். இவங்களுக்கு அந்த நரம்பு செத்துக்கிட்டிருக்கு. போற நேரத்துல கண்டபடி உளறுது, அதான் துள்ளுது. சதையும் இளைச்சுடும்.”

“முதல்ல எப்படிக்கா தெரிஞ்சுது?”

“பொத்தான் போட வரலையாம்.”

அதைக் கேட்டதும் நீ போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. “உங்கப்பாவுக்கு இப்பத்தான் காதல் வந்திருக்கு, சட்டைப் பொத்தானை என்னையே போடச் சொல்றார்” என்று சிரித்தாயே அம்மா! அது காதல்தானா?

எல்லாத் துள்ளலும் நோயில்லை என்றும் அக்கா சொன்னார். ஆனாலும் அப்பா தூங்கும்போது வலது கையைப் பார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே சதை குழிந்திருந்தால் உடனே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போ. கேட்டுவிட்டுப் பார்க்காதே, மறைத்துவிடுவார்.

இங்கே குளிர்கிறது. உன் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார். ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. போன வாரம் வீடியோவில் அப்பா ஏன் இடது கையால் டாட்டா காட்டினார்?

அவசரத்தில்,
உன் சின்னவள்