இருபத்தாறாம் தேதிக்குள் ரஸ்ஸலை அனுப்பி வை

ஓக்மியர், கலிஃபோர்னியா
பிப்ரவரி 16

அன்புள்ள மகள் டெல்லாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்காப் பனியில் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பது தெரியும். அதனால்தான் தபால்தலை ஒட்டி எழுத வேண்டியதாகிவிட்டது. பெற்றவளுக்கு இந்தக் கதி. போகட்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி ரஸ்ஸல் உன்னிடம்தான் இருக்கிறான். இல்லை என்று புளுகாதே. வியாழக்கிழமை காலையில் அவன் கட்டில் காலி, அலமாரியில் அந்தத் தடிமனான குளிர்ச்சட்டையும் இல்லை. அலாஸ்காவுக்குப் போகிறவனுக்குத்தான் அது வேண்டும். அவனை இருபத்தாறாம் தேதிக்குள் இங்கே அனுப்பி வை. அன்று சாயங்காலம் நகர சபையில் இரண்டாவது வாக்கெடுப்பு. எந்தச் சட்டமானாலும் இரண்டு தடவை கை தூக்கினால்தான் செல்லும் என்பது உனக்குத் தெரியும். முதல் தடவை நாலுக்கு மூன்று என்று ஜெயித்தோம். அந்த நாலில் ஒருத்தர் மனசு மாறினால் போதும், ஓக்மியரில் இ-சிகரெட் விற்கக் கூடாது என்று ஏழு மாதம் நான் நாயாக அலைந்தது அத்தனையும் பாழ்.

அவனைக் கூண்டில் அடைத்த குரங்கு மாதிரி ஊர் ஊராகக் காட்டுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நல்ல வார்த்தை, பெற்ற தாய்க்கு. ஆமாம், ஐந்து ஊர் நகர சபைகளுக்குக் கூட்டிப் போனேன். மைக் முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிஷம். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு வந்தால் பேச்சை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். நான் நின்று அழுதால் கிழவி ஏதோ புலம்புகிறாள் என்று காப்பியை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். இ-சிகரெட்டால் நுரையீரல் கெட்ட பத்தொன்பது வயசுப் பையன் மூக்கில் குழாயோடு ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்து நின்றால் ஒருத்தனும் கோப்பையைத் தொட மாட்டான். மூன்று ஊரில் தடை வந்தது அவனால்தான்.

சிலிண்டர் காலிதான். அவனே உன்னிடம் உளறியிருப்பான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நுரையீரல் நன்றாகத் தேறிவிட்டது, இனி குழாய் தேவையில்லை என்று நவம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவன் சிரித்தான். எனக்கு டிசம்பரில் இரண்டு கூட்டம் இருப்பதுதான் ஞாபகம் வந்தது. காரில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இதுல காத்தே வரலம்மா, எனக்கு வெக்கமா இருக்கு"ன்னான். "ரெண்டு நிமிஷந்தானடா, சும்மா மாட்டிக்க. உன்ன மலையா ஏறச் சொன்னேன்"னேன். "அப்பாவக் கொன்னது சிகரெட்டு. அது அதே தெருவுல எல்லாக் கடையிலயும் கெடைக்குது. அத ஏன் தடை பண்ணல?" என்று வேறு ஒரு கேள்வி. "ஒண்ணொண்ணா வருவோம், நீ வாய மூடிக்கிட்டு நான் எழுதினத மட்டும் படி" என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கெல்லாம் இரண்டு நிமிஷத்தில் எங்கே இடம் இருக்கிறது.

இங்கே நடந்த முதல் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஹேசல் எழுந்து, "முப்பத்தெட்டு வருசம் சிகரெட் ஊதினேன். இந்தக் கருவியாலதான் விட்டேன். நீங்க இத மூடினா நான் பழைய பாக்கெட்டுக்கே போவேன், அப்ப என் சாவுக்கு யாரு வர்றீங்க?" என்று கேட்டாள். கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. அவள் என்னைத் தாண்டித் தன் இடத்துக்குப் போகும்போது, "உன் வயசுக்கு எத ஊதினா என்ன ஹேசல், ஏற்கனவே வெந்தது வெந்ததுதான்" என்று காதோடு சொன்னேன். முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தவள் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஜெயிக்க வந்த இடத்தில் உபசாரமா பண்ண முடியும்.

அப்புறம் ரஸ்ஸல் படித்தான். அருமையாகப் படித்தான். பதினோரு நாள் மூச்சு இயந்திரத்தில் கிடந்ததைச் சொல்லும்போது தலைவரே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து மைக்குக்கு வந்தது வெண்டல். அவனை உனக்குத் தெரியும், ஆறாம் தெருவில் இ-சிகரெட் கடை வைத்திருக்கிறவன், சர்ச்சில் நமக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்காருவான். கையில் காகிதம்கூட இல்லை. "இந்தப் பையனப் பாத்து எனக்கும் வயிறு எரியுது. ஆனா மூணு வருசத்துக்கு முன்னாடி என் கடைக்கு வந்தது இந்தம்மாதான். பையன் அப்பாவோட சிகரெட்டத் திருடிக் குடிக்கிறான், நிறுத்த ஏதாவது குடுங்கன்னு அழுதாங்க. பொறந்தநாளுக்குன்னு சொன்னதால என் சம்சாரம் அந்தக் கருவிய நீலக் காகிதத்துல சுத்திக் குடுத்தா" என்று சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு வந்துவிட்டது.

தலைவர் என்னைக் கேட்கவில்லை, ரஸ்ஸலைக் கேட்டார், "தம்பி, இது உண்மையா?" என்று. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குனிந்து கைப்பையில் எதையோ தேடினேன். "இல்ல சார். எங்கம்மா அந்தக் கடைப் பக்கமே போனதில்ல. பள்ளிக்கூடத்துல பெரிய பசங்ககிட்ட நானே வாங்கினேன். இவரு பொய் சொல்றாரு" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

அதற்கப்புறம் வெண்டலை வாயெடுக்க விடவில்லை. கூட்டமே ஊளையிட்டது. மறுநாள் அவன் கடைக் கண்ணாடியில் யாரோ சிவப்புப் பெயிண்டால் 'பிள்ளைக்கொல்லி' என்று எழுதிவிட்டார்கள். அதைப் பார்ப்பதற்காகவே அந்த வழியாக இரண்டு தடவை காரில் போனேன். இரண்டாவது தடவை அவன் மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் வேகத்தைக் குறைத்தேன், நிமிர்ந்து என்னைப் பார்க்கட்டும் என்று.

ரஸ்ஸல் வெளியே வந்ததும் குழாயைப் பிடுங்கிக் கார் டிக்கியில் போட்டான். "உனக்காக ஒருத்தரப் பொய்யனாக்கிட்டேன். இதோட என்ன விட்ரும்மா" என்றான். இரண்டு நாளில் கிளம்பிவிட்டான்.

இப்போது வந்திருக்கிற தலைவலி என்னவென்றால், இருபத்தாறாம் தேதி வெண்டல் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம். ஞாயிறு வகுப்பில் இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவள் வாய் திறந்தால் நம்புவார்கள். ரஸ்ஸல் எதிரில் நின்று இன்னொரு தடவை இல்லை என்று சொன்னால் மட்டும்தான் நான் தப்ப முடியும்.

நிஜமா என்று நீ கேட்பாய். நிஜம்தான். உங்கப்பா உள்ளே புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாகப் பார்த்தால் இவன் கொட்டகைக்குப் பின்னால் நின்று அவர் சிகரெட்டையே ஊதுகிறான். நான் வேறு என்ன செய்ய? வெறும் நீராவிதான், நானே சிகரெட்டை இதால்தான் விட்டேன் என்று வெண்டல் சொன்னான். அவனும் நம்பித்தான் சொன்னான். மாம்பழ வாசனை வருவதாகப் பார்த்து நான்தான் பொறுக்கினேன். கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு நல்ல மனசு என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை அவனிடம் சொல்லாதே. போன கோடையில் மூச்சு திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, பையன் எதையாவது ஊதுவானா என்று டாக்டர் கேட்டார். அவனுக்குப் பேச்சே வரவில்லை, கேட்டது என்னிடம். கிடையவே கிடையாது, சுத்தமான பையன் என்று சொன்னேன். நிமோனியா என்று மூன்று நாள் வேறு மருந்து ஏற்றினார்கள். நான்காம் நாள் நர்ஸ் அவன் ஜீன்ஸ் பையில் அந்தக் கருவியை எடுத்துக் காட்டினாள். நான் அதை முதல் தடவையாகப் பார்ப்பவள் மாதிரி கையில் வாங்கிப் புரட்டினேன். அன்று மத்தியானம்தான் அவனை இயந்திரத்தில் போட்டார்கள்.

இந்தத் தடை இந்த ஊருக்கு வேண்டும் டெல்லா. வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பக்கமும் ஏதோ இருக்கலாம், எனக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. கடையில் அது இல்லாதிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். அவ்வளவுதான் என் கணக்கு.

நீ அவனை அனுப்ப மாட்டாய் என்பது இவ்வளவு எழுதிய பிறகு எனக்கே தெரிகிறது. உன் இடத்தில் இருந்தால் நானும் அனுப்ப மாட்டேன். வெண்டல் பெண்டாட்டி வரட்டும், ஊர் என்னைக் காறித் துப்பட்டும், பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை அவனைப் போன் பண்ணச் சொல். சபை வேண்டாம், மைக் வேண்டாம். "நீ வாங்கிக் குடுக்கலம்மா" என்று அன்றைக்குச் சொன்ன அதே குரலில் எனக்கு மட்டும் சொல்லட்டும். நான் நம்பிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும். அவன் மூச்சு எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு ஓடட்டும்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா வெர்னா