குறைந்து வந்த எண்

14 ஆகஸ்ட், வியாழன்

மனைவி ஜெயந்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

அவளுக்கு இது எட்டாம் மாதம். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் கர்ப்பிணிகளின் மூளையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் அவளும் சேர்ந்திருக்கிறாள். நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, கருவியை வைத்துப் பார்த்து, ரத்தம் ஓடும் வேகத்தைத் தாளில் எழுதித் தருவார்கள். அந்த எண் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது.

ஆம்பூரில் எனக்குத் தோல் தரம் பார்க்கும் வேலை. கனம் அளக்கும் கேஜில் எண் இறங்கினால் அந்தத் தோலைத் தள்ளிவிடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் அவள் தாளையும் படித்தேன். யாரையும் கேட்கவில்லை. "மூளைக்கு ரத்தம் கம்மியாவுது, வேலைய விட்டுடு" என்றேன். ஷூ கம்பெனியில் அவளைச் சூப்பர்வைசராகப் போட இருந்தார்கள். அழுதுகொண்டே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்தாயிற்று.

இன்று ஆஸ்பத்திரியில் அவள் உள்ளே ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எண் ஏன் குறைகிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"மாசம் ஆக ஆக வேகம் குறையறது சகஜம்ங்க. அவங்க நல்லா இருக்காங்க. வேலைக்கு ஏன் போறதில்ல?"

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் ஜெயந்தி கேட்டாள். "டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா இருக்குதாம்."

"நல்லவேளை, நீங்க சொன்னதும் வேலைய விட்டேன்" என்று சொல்லி, சாத்துக்குடியை உரித்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள்.

வாங்கித் தின்றேன்.