நான்காவது தடவை

என்னங்க,

நேரில் கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள். அதனால் இதை உங்கள் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைக்கிறேன். சந்தேகப் பிராணி என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எண்டோஸ்கோபி எடுத்து மூன்று நாளாகிறது. அன்றிலிருந்து நீங்கள் சரியில்லை. இருபது வருஷத்தில் ஒரு டம்ளர்கூடக் கழுவாதவர் இப்போது குக்கரைத் தேய்க்கிறீர்கள். மருத்துவமனை ஃபைலைப் பீரோ மேல் ஒளிக்கிறீர்கள். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றால், "ஒண்ணுமில்ல, வெறும் புண்ணுதான்" என்கிறீர்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். கட்டுப்பல்லைக் கழற்றச் சொன்னார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, கையில் ஊசி போட்டார்கள். அப்புறம் டாக்ஸியில் உங்கள் தோள்.

இன்று காலை அந்த ஊசி போட்ட நர்ஸுக்கே போன் போட்டேன்.

"தூக்க ஊசி போட்டா, அப்புறம் சொல்றது எதுவும் மனசுல நிக்காதும்மா. அதான் கூட ஒரு ஆள் வேணும்னு சொல்றோம். அன்னிக்கு இங்கயே உங்க வீட்டுக்காரர் மூணு தடவை விவரமாத்தான் சொன்னாரு. மூணு தடவையும் புதுசாக் கேக்குற மாதிரி அழுதீங்க. நாலாவது தடவை கேட்டப்ப, மனுஷன் 'ஒண்ணுமில்ல'ன்னுட்டாரு."

என்ன விவரம் என்று கேட்டேன். "அவரையே கேளுங்கம்மா" என்றாள்.

மூன்று நாளாக உங்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அதற்கு மன்னிப்பெல்லாம் அப்புறம். சாயங்காலம் வந்ததும் ஐந்தாவது தடவையாகச் சொல்லுங்கள். மயக்கம் தெளிந்துவிட்டது. இனி ஒரே ஒரு தடவைதான் அழுவேன்.

உங்கள்
சந்தேகப் பிராணி