குட் என்றால் போதுமாம்

யூன் 2, திங்கள்
இன்று ‘ழ’ சரியாக வந்துவிட்டது. அறுபத்தொன்பது வயதில் ஓர் எழுத்தைப் பார்த்துத் தனியே சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன். மருமகள் மாக்கிறேட் குசினி மேசையில் வைத்துத் தை மாதத்திலிருந்து எழுதப் பழக்குகிறாள். இனி எவரையும் எழுதியே திட்டலாம்!

முதலில் இந்த ஊராரின் வணக்கம். ரோவில் என்ற ஊருக்கு அப்பால் ஒரு நாற்றுப் பண்ணையில் மூன்று கிழமையாக வேலை. நாற்றுகளைச் சட்டிக்கு மாற்றவேண்டும். மேற்பார்வை பார்ப்பவள் ட்ரேசி. காலையில் எதிரே வந்து, “ஹவ் ஆர் யூ, கிறெக்?” என்கிறாள். கிறகோரி என்ற பெயரின் பின்பாதியை யாரிடம் கேட்டு வெட்டினாள்? அது போகட்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முதுகுதான் தெரிகிறது. கேட்டவள் நிற்கவேண்டாமா? நாய்க்கு எலும்பு போடுவதுபோலக் கேள்வியைப் போட்டுவிட்டுப் போகிறாள்.

யூன் 3, செவ்வாய்
மாக்கிறேட்டிடம் சொன்னேன்.

“மாமா, அவை மறுமொழிக்குக் கேக்கிறேல்லை. ‘குட்’ எண்டு சொல்லிப்போட்டு நடவுங்கோ.”

“முழங்கால் நோகுது பிள்ளை. பிறகு என்னண்டு குட்?”

“நொந்தாலும் குட்தான்.”

நல்ல நாடு. விடிந்ததும் முதல் வேலை பொய் சொல்வது. கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது என்ன சொல்வேன்? இன்று ஆறு முறை சுகமாயிருந்தேன், சுவாமி?

யூன் 5, வியாழன்
தீர்மானித்துவிட்டேன். கேட்பவருக்கு மறுமொழி உண்டு. முழுதாக.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டேமியன்தான் முதலில் அகப்பட்டான். “ஹவ் ஆர் யூ?” கையைப் பிடித்துக்கொண்டேன். இருக்கிற ஆங்கிலம் போதவில்லை. காற்சட்டையை உருட்டி முழங்காலைக் காட்டினேன். வீக்கத்தைத் தொட்டுப் பார்க்கவும் வைத்தேன். பிறகு மலச்சிக்கல். அதற்கும் கையாலேயே விளக்கம். அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்!

யூன் 10, செவ்வாய்
இன்று ட்ரேசிக்கு நித்திரை வராத கதை. சொல்லி முடிக்கையில் மேசையில் சட்டிகள் குவிந்துவிட்டன. தூரத்திலிருந்து டேமியன் தன் முழங்காலைத் தட்டிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினான். நக்கல்.

யூன் 13, வெள்ளி
ட்ரேசி தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று இந்த மாத முடிவில் அவள் முதலாளிக்குச் சொல்லவேண்டுமாம். கை நல்ல கையாம். ஆனால் என் மறுமொழிகளால் வேலை நின்றுபோகிறதாம். “ஜஸ்ட் சே குட், கிறெக். ப்ளீஸ்.”

மகன் ஜெனிஸ்ரனுக்குத் தெரிந்தால் போதும். “வயசுபோன நேரத்தில ஏனப்பா வேலை? வீட்டில இருங்கோவன்.” இருந்து? டிவிக்கு முன்னால் ஒரு கதிரை எனக்காகவே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதுக்குள்ள போய் விழ — மாட்டன். மாட்டவே மாட்டன்.

சரி, சொல்கிறேன். குட். சனியன் பிடித்த குட்.

யூன் 16, திங்கள்
ட்ரேசி கேட்டாள். “குட்.” நடந்தேன். டேமியன் கேட்டான். “குட்.” நடந்தேன்.

பின்னால் ஃபோர்க்லிஃப்டின் சத்தம் நின்றது. வெறும் குட்தானா, முழங்கால் என்னவாயிற்று என்று கேட்டபடி இறங்கி வந்துவிட்டான். ட்ரேசியும் திரும்பி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்து, டொக்டரிடம் போகவேண்டுமா என்கிறாள். இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு என் முன்னால். சட்டிகள் குவிகின்றன. நான் சொன்னதோ ஒரேயொரு சொல்! இந்தப் பைத்தியங்களை என்ன செய்வது?

கடைசியில் ட்ரேசிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேநீர் நேரத்தில் சொல் என்றாள். போனால் எனக்கொரு கதிரை போட்டு வைத்திருந்தார்கள். சொன்னேன். முழுதாக.

யூன் 27, வெள்ளி
வேலை நிரந்தரம். ஜெனிஸ்ரனிடம் வாயால் சொல்லவில்லை. பெரிய எழுத்தில் எழுதி அவன் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வாசிக்கட்டும்.

யூலை 1, செவ்வாய்
இந்த நாட்டில் யூலையில்தான் கை விறைக்கும் குளிர். கையுறையைத் தேடி ஓடினேன். எதிரே டேமியன். “ஹவ் ஆர் யூ” என்று கேட்டுக்கொண்டே கதவைத் தாண்டிவிட்டேன்.

பின்னால் அவன் குரல்: “நாட் கிறேட், கிறெக்.”

திரும்பிப் போய் நின்றேன். சட்டிகள் குவிந்தன.