பங்களாக் கூட்டத்துக்குப் பொறுப்பாளி

12 மார்ச் 1977
எங்கள் வெள்ளைக்கார மானேஜர் துரை பெட்டி கட்டுகிறார். பிப்ரவரியோடு இங்கிலீஷ் கம்பெனி எஸ்டேட்டை விற்றுவிட்டது. உள்ளூர்க் கம்பெனி ஏப்ரல் முதல் தேதிதான் வந்து எடுத்துக்கொள்ளும். அதற்குள் பெரிய பங்களாவில் ஏழு நாட்டுத் தேயிலைக்காரர்களின் கூட்டம். போலீஸ் அனுமதித் தாளில் ‘பொறுப்பாளி’ என்று ஓர் இடம். “கிராணி, நீ போடு” என்றார். இருபது வருஷமாக ஆபீஸ் குமாஸ்தாவாக அவருக்காகப் போடுகிற கைதானே. போட்டு, எஸ்டேட் முத்திரையும் குத்தினேன்.

மலாய் நாட்டுக் குடியுரிமை இண்டர்வியூவுக்கு எனக்குக் கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் 20.

27 மார்ச்
கூட்டத்தின்போது பங்களா வராந்தாக் கைப்பிடி முறிந்து இலங்கைப் பிரதிநிதி ஒருவர் கீழே விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி வரை அவர் முனகியது காதிலேயே நிற்கிறது.

29 மார்ச்
போலீஸ் வந்தது. துரை சொல்கிறார், “விற்றாயிற்று, எங்களுக்குச் சம்பந்தமில்லை.” புதுக் கம்பெனி சொல்கிறது, “ஏப்ரலுக்கு முன் நடந்தது எங்களுடையதல்ல.” நடுவில் ஒரு மாதம் இந்த எஸ்டேட்டுக்கு நான்தான் சொந்தக்காரன் போலிருக்கிறது! தாளில் இருப்பது என் பெயர் மட்டும். பழைய கம்பெனி முத்திரை அன்றைக்கே செல்லாதாம்.

57-இல் சுதந்திரம் வந்து வெள்ளைக்காரன் கொடி இறங்கியபோதும் இப்படித்தான் நடுவில் நின்றேன். ‘அப்புறம் மனுப் போடலாம்’ என்று விட்டதன் பலன், இன்னும் கையில் குடியுரிமை இல்லாதவனுக்கான சிவப்பு அடையாள அட்டை, ஐ.சி. வருஷா வருஷம் ஒர்க் பெர்மிட். இப்போது போலீஸ் கேஸும் சேர்ந்தால்?

2 ஏப்ரல்
புது மானேஜர் கூப்பிட்டார். “தச்சன் இருளப்பன் கைப்பிடிய பார்க்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க லா. கேஸ்லேர்ந்து உங்க பேரு எடுபட்டுடும்.”

இதுவரை இங்கே எழுதாததை எழுதிவிடுகிறேன். இருளப்பன் பார்த்தான். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னே ஆபீஸ் வாசலில் நின்று, “கிராணி ஐயா, வராந்தா கட்டை உளுத்துப்போச்சு, பலகை வேணும்” என்றான். “இப்ப யார்கிட்டப்பா கேக்கிறது? புதுத் துரை வரட்டும்” என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யார்?

3 ஏப்ரல்
என் மனைவி ரஞ்சிதம் அழுதாள். “எழுதிக் குடுத்துடுங்க. தச்சருக்கு நீல ஐ.சி., அவரு குடிமகன். அவர யாரும் நாட்ட விட்டு அனுப்ப மாட்டாங்க. நம்மள?” எனக்கும் நேற்றே இதே நினைப்பு வந்தது. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

4 ஏப்ரல்
ராத்திரி இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

5 ஏப்ரல்
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன் — தச்சன் சொன்னான், தள்ளிப்போட்டது நான். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். “யாராச்சும் எழுதச் சொன்னாங்களா?” என்றார். வேறு மாதிரி எழுதச் சொன்னார்கள் என்பது வாய் வரை வந்தது; “இல்லைங்க” என்று கையெழுத்துப் போட்டேன்.

20 ஏப்ரல்
இண்டர்வியூ ஐந்தே நிமிஷம். மேசையில் போலீஸ் கடிதம். மலாய் மொழியில் நான் மனப்பாடம் செய்துவைத்த எதையும் கேட்கவில்லை.

18 மே
போலீஸ் எச்சரித்து விட்டுவிட்டது. கம்பெனி விடவில்லை. வேலையும் போயிற்று, வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் தோட்டமொன்றில் லோரிக்குச் சரக்கு ஏற்றுகிற இடத்தில் வேலை. ரஞ்சிதம் மூன்று நாளாகப் பேசவில்லை.

9 ஜூன்
குடியுரிமை மறுப்பு வந்தது. திரும்பவும் மனுப் போடலாமாம். என் நடத்தைக்குக் குடிமக்கள் இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். எஸ்டேட் ஆபீஸில் எவனும் முகம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் இருளப்பன் பஸ் பிடித்து வந்தான். விஷயம் கேள்விப்பட்டிருக்கிறான். “எங்கய்யா போடணும்?” என்று மட்டும் கேட்டான். காட்டினேன். தமிழில், எழுத்தெழுத்தாக, பேரை எழுதி முடித்தான். ரஞ்சிதம் அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை.