கைதட்டுவதற்கு முன்

பூம்ப்ளிஸ்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தேனுஜனுக்கு,

இங்கே நானும் யாதவியும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் நல்லாயிருக்கிறன் என்றுதான் சொல்வீர்கள், அதனால் கேட்கவில்லை. வைத்தியர் என்று வாயெடுத்தாலே ஒத்திகைக்கு நேரமாச்சு என்று போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதுதானே.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் போன் எடுத்தார்கள். உங்கள் இதய வால்வு இன்னும் சுருங்கிவிட்டதாம், சத்திரசிகிச்சையை இனித் தள்ளிப்போடக் கூடாதாம். நாடகம் முடியட்டும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன்.

உங்கள் ஆசை எனக்கு விளங்காமல் இல்லை. நாடகப் பள்ளி முடித்த நாள் முதல் டாக்ஸிக்காரன், சமையற்காரன், அகதி என்றுதான் உங்களுக்கு வேஷம் தந்தார்கள். இப்போதுதான் சோலோதுர்ன் நகர மேடையில் ஒரு ஜெர்மன்காரனாக, அதுவும் நாடகம் முழுக்க நிற்கிறீர்கள். தையற்காரனின் மகனாகப் பிறந்து, குதிரை வண்டியில் ஊரூராகப் போன குழுவில் சேர்ந்து, கடைசியில் அரசர்கள் முன் நடித்த அந்தப் பழைய காலத்து நடிகன் ரைன்ஃபெல்ட்டை எங்கள் குசினியில் நீங்கள் நடந்து காட்டியபோது நானும் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அந்த மனிதரின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. மேடையில் சாகிற காட்சியை நடிக்கும்போது உண்மையாகவே நெஞ்சு நின்று விழுந்தார். சனம் எழும்பி நின்று கைதட்டியது, முன்வரிசையில் இருந்த அவர் மனைவியும் தட்டினாள். நாடகப் பிரதியில் அதை வாசித்துவிட்டு, பாரும் எப்பிடிப்பட்ட நடிகன் என்று பெருமையாகச் சொன்னீர்கள். நான் அன்று முழுக்க அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அந்தக் காட்சிக்காக வீட்டில் விழுந்து பழகினீர்களே, அப்போது யாதவி கைதட்டி, அப்பா இன்னொருக்கா என்று கத்தினாள். நான் அடுப்படியில் நின்று சிரித்தேன். நீங்கள் எழும்பவில்லை. அது நடிப்பில்லை என்று விளங்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நாடக நெறியாளரிடம் உங்கள் நெஞ்சு வருத்தத்தைச் சொன்னால் இனி உம்மோட கதைக்கவே மாட்டன் என்கிறீர்கள். கதைக்காவிட்டால் போகட்டும், ஆள் உயிரோடு இருந்தால் காணும் என்று போனைக் கையில் எடுக்கிறேன். பிறகு அந்த டாக்ஸிக்காரன் தொப்பியோடு நீங்கள் வீட்டுக்கு வந்த நாட்கள் நினைவுக்கு வரும், போனைக் கீழே வைத்துவிடுவேன். எனக்கு உங்கள் மேல் சரியான கோபம், தேனுஜன்.

ஆகையால் எனக்காக ஒன்று செய்யுங்கோ. வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு வந்து முன்வரிசையில் இருப்பேன். விழுந்ததும், சனத்துக்குத் தெரியாமல், இடது கைப் பெருவிரலை ஒருமுறை அசைத்துக் காட்டுங்கோ. அசைந்தால் அந்த மண்டபத்தில் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவேன். அசையாவிட்டால் சேலையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறிவிடுவேன், உங்கள் நாடகம் குழம்பினாலும் சரி.

கோயிலில் உங்கள் பெயருக்கு அருச்சனை செய்தேன். கடவுள் அந்த ஒரு விரலையாவது பார்த்துக்கொள்ளட்டும்.

கைகளை மடியில் வைத்தபடி காத்திருக்கப்போகும்,
தர்மிகா