அக்காவோட மழை

என் சத்தக்காரிக்கு,

வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் தம்பி மேல் கோபம் வேண்டாம். அக்கா சத்தம் சேர்த்த படம் என்ற பெருமையில்தான் அந்தத் திருட்டு காப்பியை டவுன்லோட் செய்து, சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி உட்கார வைத்தான். தியேட்டரில் யாரோ ஒளித்து எடுத்தது. மழைக் காட்சியில் நீ உண்டாக்கிய மழைச் சத்தத்துக்கு மேலே எவனோ இருமிக்கொண்டிருந்தான்.

சண்டைதான் என்று பயந்தேன். நீயோ டிவி சத்தத்தை நிறுத்திவிட்டு, சமையலறையிலிருந்து தட்டும் அரிசியும் கொண்டுவந்து, தட்டில் அரிசியைச் சரித்துச் சரித்தே அந்தக் காட்சி முழுக்க மழையைக் கொட்டினாய். "இதைத்தான்டா உன் காப்பி முழுங்கிடுச்சு" என்று மட்டும் சொன்னாய். அடேயப்பா! இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் உன் வேலை என்னவென்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

நீ ஸ்டுடியோவுக்குத் திரும்பியதும் அவன் காப்பியை அழித்துவிட்டு, எல்லோரையும் தியேட்டருக்கு இழுத்துப் போனான். மழைக் காட்சியில் முன் சீட்டுக்காரர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். இவன் எட்டி அவர் தோளைத் தொட்டு, "போனை உள்ள வைங்க சார். அது எங்க அக்காவோட மழை" என்றான்.

இப்படிக்கு,
தொண்டை அரித்தும் கடைசிவரை இருமாமல் உட்கார்ந்திருந்த
உன் வீட்டுக்காரன்